நுனி வெடித்திருந்தால் விறகு காய்ந்துவிட்டதாக அர்த்தமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் நடத்தும் சிறிய மெஸ்ஸில் சோறும் சாம்பாரும் விறகடுப்பில்தான். அடுப்பு கட்டியது, புகைபோக்கி பொருத்தியது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பாடாய்ப்படுத்தியது விறகு. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

விறகுத் தொட்டியில் புளியங்கட்டைகளைப் பட்டையோடு உருளை உருளையாக அடுக்கி வைத்திருந்தார்கள். “ஒரு வருடம் காய்ந்தது அக்கா, நுனி எப்படி வெடித்திருக்கிறது பாருங்கள்” என்றார் கடைக்காரர். டிராக்டரில் ஒரு டன் வந்து இறங்கியது. முதல் நாளே, அடுப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் நுரை தள்ளி, உஸ்ஸென்ற சத்தத்தோடு நீர் கசிந்தது. உலை கொதிக்கவே இல்லை. மாமியார் ஊதுகுழலும் கையுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். சில வாரங்களில் புகைபோக்கியின் மூட்டிலிருந்து காபி டிகாக்‌ஷன் போலக் கறுத்த நீர் சுவரில் வழிந்தது. ஈர விறகின் புகை குழாய்க்குள் குளிர்ந்து கீலாகப் படியும். அந்தக் கீல் பற்றிக்கொண்டால் குழாயே எரியும். அதைச் சுரண்டி எடுக்க ஆள் கூலி தனி.

விறகு பிளக்க வரும் பெரியவர் ஒரு கட்டையில் ஆப்பை இறக்கினார். பிளந்த முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. “நுனி வெயிலில் கிடந்தால் சில வாரத்திலேயே வெடிக்கும் அம்மா, உள்ளே பச்சைதான்” என்றார். மரத்துக்குள் நீர் நீளவாக்கில் ஓடுகிறது. அதனால் வெட்டிய முனைதான் முதலில் காய்ந்து சுருங்கும். பட்டை மூடிய நடுப்பகுதி பிளக்கும்வரை ஈரத்தை விடாது.

பண நஷ்டத்தையும் கேளுங்கள். கட்டையின் எடையில் பாதி நீர் என்றால் ஒரு டன்னில் 500 கிலோ நீர். ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும்போது அந்த விறகு 625 கிலோதான் இருக்கும். மீதி 375 கிலோவுக்கு நாம் விறகு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்குகிறோம். காயாமலே எரித்தால், சோற்றை வேகவைக்க வேண்டிய சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும்.

யோசனை சொல்லவும் ஆள் குறைவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் தார்ப்பாயால் தரைவரை இழுத்து மூடச் சொன்னார் பக்கத்துக் கடைக்காரர். மூடினோம். கார்த்திகையில் திறந்தபோது தார்ப்பாயின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. அடி வரிசையில் வெள்ளைப் பூஞ்சையும் கரையானும். தேவனாம்பட்டினம் கரையில் ஒதுங்கும் கட்டைகளைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார் இன்னொருவர். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. உப்பேறிய கட்டையின் புகை உடம்புக்குக் கேடு, தகரக் குழாயையும் அரித்துவிடும்.

“ஆறு மாதம் போட்டு வைத்தால் போதும்” என்று சொல்பவரிடம் எந்த மரம், பிளந்ததா, எந்த ஆறு மாதம் என்று கேளுங்கள். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பங்குனி முதல் ஆடி வரையிலான வெயிலும் மேல்காற்றும்தான் விறகை உலர்த்துகின்றன. மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, செங்கல் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கி, தலைக்கு மட்டும் தகரம் போட்டுப் பக்கங்களைத் திறந்து விட்ட பிறகே எங்கள் புளி எரியத் தொடங்கியது. இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும். உடனே எரிக்க வேண்டுமென்றால் சவுக்கு வாங்குங்கள். கடலூர்க் கரையோரத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் நின்று எரியும்.

போன முறை அந்தப் பெரியவரையும் தொட்டிக்கு அழைத்துப் போனேன். குவியலின் அடியிலிருந்து நானே கட்டையை உருவி, எடை போடுவதற்கு முன்பே பிளக்கச் சொன்னேன். “நம்பிக்கை இல்லையா அக்கா?” என்று முகம் சுளித்தார் கடைக்காரர். உள்ளே ஈரம் பளபளத்தது. அவர் மறுபேச்சுப் பேசாமல் பின்பக்கக் கொட்டகைக்குக் கூட்டிப் போய்ப் பிளந்து அடுக்கியிருந்த சவுக்கைக் காட்டினார். தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. அதைத்தான் எடை போடச் சொன்னேன்.