மூன்றாவது கன்று பிழைத்த கதை

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் கட்டுத்தரையில் பத்து நாளுக்குள் இரண்டு கன்றுகள் செத்துப்போயின. இரண்டும் கிடேரி. கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஆறு ஜெர்சிக் கலப்பின மாடுகளை வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் குடும்பம் எங்களுடையது. அந்த இழப்பு இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

முதல் கன்றுக்குப் பிறந்த எட்டாம் நாள் மஞ்சளாக, தண்ணீராகக் கழிய ஆரம்பித்தது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றினேன். கழிகிறதே என்று பாலையும் நிறுத்தினேன். இரண்டுமே தப்பு. மூன்றாம் நாள் கன்று போய்விட்டது. அடுத்ததற்கும் அதே வைத்தியம், அதே முடிவு.

மூன்றாவது கன்று படுத்த அன்றுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு அப்படியே நின்றது. கண் குழி விழுந்திருந்தது. வாயில் விரலை வைத்தார். சில்லென்றிருந்தது, சப்பவே இல்லை. "சப்பாத கன்னுக்கு வாய்ல எதுவும் ஊத்தாதீங்கம்மா, நுரையீரலுக்குப் போயிரும்" என்று சொல்லிவிட்டுக் கழுத்து நரம்பில் டிரிப் ஏற்றினார். சாக்கைப் போர்த்தி இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை விரலை வைத்தபோது லேசாகச் சப்பியது. அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம் உப்புச் சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, நாளைக்கு நான்கு தடவை. பாலை நிறுத்தவில்லை, கரைசலுக்கும் பாலுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் சாணி இறுகியது.

சாணியைச் சோதித்ததில் ரோட்டா வைரஸ் என்று வந்தது. கைக்குழந்தைகளுக்கு ஆறாவது வாரம் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அந்தக் குடும்பத்து வைரஸ். குடலின் உள்சுவரை அது சிதைத்துவிடுவதால் குடித்தது உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடுகிறது. நோய்க்கிருமி கொல்வதைவிட நீர் வற்றிச் சாகும் கன்றுகள்தான் அதிகம். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

அதனால் கட்டுத்தரையை மாற்றினோம். பார்க்க நோயில்லாததுபோல் தெரியும் பெரிய மாட்டின் சாணியிலும் கிருமி இருக்கலாமாம். ஈரத்தில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். பிறந்த கன்றை இப்போது தனியாக, காய்ந்த இடத்தில் கட்டுகிறோம். முதலில் நல்ல கன்றுகளுக்குப் பால், கடைசியில்தான் சீக்குக் கன்றுக்கு; அதற்கு வாளியும் தனி. பிளீச்சிங் பவுடர் போடுவதற்கு முன் சாணியைச் சுரண்டித் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்டும் பயனில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் சீம்பாலில்தான், அதாவது கன்று போட்டதும் சுரக்கும் முதல் பாலில். "எளங்கொடி விழாம மடியில கை வெக்கக் கூடாது" என்பது எங்கள் அத்தையின் கண்டிப்பு. கன்று போட்ட பிறகு விழும் நஞ்சுக்கொடிதான் இளங்கொடி. செத்த இரண்டு கன்றுகளும் ஏழெட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு கிடந்தவை. தாய் வயிற்றில் இருக்கும்போது கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி இறங்குவதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. குடலில் அதை உறிஞ்சும் வாசலும் பிறந்த நேரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்து ஒரு நாளில் அடைத்துவிடும். டாக்டர் இதை அத்தையிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

போன வாரம் செவலை மாடு ராத்திரி பதினொன்றரைக்குக் கன்று போட்டது. இளங்கொடி விழும்போது மணி நான்கு. அதற்குள் கன்று இரண்டு லிட்டர் சீம்பால் குடித்திருந்தது. மடியைக் கழுவிப் பீச்சிக் கொடுத்தவர் அத்தைதான்.