பிக்கப்பை அடுத்த முதல் கட்டம்: பெடல், ப்ரீஆம்ப் பணிமேசை நாட்குறிப்பு

2025 ஜனவரி 5

மின்கிட்டாருக்குள்ளேயே பொருத்தக்கூடிய ஒரு சிறு ப்ரீஆம்ப்பையும் (முன்பெருக்கி), அதனோடு சேர்ந்து இயங்கும், ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றையும் கட்டத் தொடங்கியிருக்கிறேன். பெடல் கட்டுவோர் பேச்சில் டயோடுகளுக்கும் ஐசிகளுக்கும் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பிக்கப்பை அடுத்து வரும் முதல் கட்டத்துக்குக் கிடைப்பதில்லை. ஒலியின் குணம் பெருமளவு தீர்மானமாவது அங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே சுற்றை வரைவதற்கு முன்பே பிக்கப்பை அளந்தேன்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் நேர்மின்தடை 6.2 கிலோஓம், தூண்டல் 2.4 ஹென்றி. என்னிடமுள்ள 6 மீட்டர் கேபிளின் மின்தேக்கம் ஏறக்குறைய 600 பைக்கோஃபாரட். சுருளின் சொந்த மின்தேக்கத்தையும் சேர்த்தால் 700. தூண்டலும் மின்தேக்கமும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு, அதாவது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண் மட்டும் எழும்பி நிற்கும் நிலை, உண்டாகும். இந்த மதிப்புகளுக்கு அது 3,900 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது. கேபிளை விலக்கி, பிக்கப்பின் வாயிலிலேயே ஒரு பஃபரை (பிக்கப்பைச் சுமைப்படுத்தாமல் அதன் சைகையைக் கடத்தும் சிறு சுற்று) வைத்து மின்தேக்கத்தை 150 பைக்கோஃபாரட்டாகக் குறைத்தால், அதே ஒத்ததிர்வு 8,000 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்படியானால், இவ்வளவு நாளும் இந்தக் கிட்டாரின் ஒலி என்று நாம் கேட்டுவந்ததில் கேபிளின் பங்கும் சரிபாதி இருக்கிறது.

2025 ஜனவரி 9

இன்று முழுவதும் டிரான்சிஸ்டர் பொறுக்கும் வேலை. கிட்டாருக்குள் வைக்கும் பஃபருக்கு ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டரே பொருத்தமானது, ஏனெனில் கேட், சோர்ஸ், டிரெயின் என்ற அதன் மூன்று முனைகளில் உள்ளீடான கேட் ஏறத்தாழ மின்னோட்டமே எடுப்பதில்லை. பழைய வரைபடங்கள் பெரும்பாலும் ஜே201 என்று குறிப்பிடுகின்றன. மூன்று கால்களுள்ள பழைய பிளாஸ்டிக் வடிவம் எளிதில் கிடைக்காததால், மேற்பரப்பில் ஒட்டும் சிறு வடிவத்தை வாங்கி அடாப்டர் பலகையில் பற்றவைத்துப் பயன்படுத்துகிறேன். பழைய வடிவம் என்று விற்கப்பட்ட ஒரு பொட்டலமும் கைவசம் இருந்தது. ஜே201 என்றால் கேட்டையும் சோர்ஸையும் இணைத்து அளக்கும்போது 0.2 முதல் 1 மில்லியாம்பியர் வரை ஓட வேண்டும். அந்தப் பொட்டலத்தில் இருந்தவை 4 மில்லியாம்பியர் காட்டின. மேலே எது அச்சிட்டிருந்தாலும் அவை ஜே201 அல்ல. பெயரை நம்பி வாங்குவோருக்கு மீட்டர் ஒன்றே துணை.

டிரான்சிஸ்டர் அணைந்துபோகும் வெட்டு மின்னழுத்தத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. டிரெயினுக்கு 9 வோல்ட் கொடுத்து, கேட்டைத் தரையில் இணைத்து, சோர்ஸுக்கும் தரைக்கும் இடையே டிஜிட்டல் மீட்டரை மட்டும் வைத்தால் போதும். மீட்டரின் 10 மெகாஓம் உள்தடையே சுமையாகி, டிரான்சிஸ்டர் கிட்டத்தட்ட அணையும் புள்ளியில் நின்றுவிடும். அப்போது மீட்டர் காட்டுவதுதான் நமக்கு வேண்டிய எண். ஜே201-க்கு அது 0.3 முதல் 1.5 வோல்ட் வரை எங்கும் இருக்கலாம். ஒரே அச்சுப் பெயருக்குள் ஐந்து மடங்கு வேறுபாடு இருக்கும்போது, வரைபடத்தில் உள்ள டிரெயின் மின்தடையை அப்படியே போட்டுவிட்டுப் பெருக்கக் கட்டம் சரியாக இயங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. பெருக்கம் வேண்டுமானால் அங்கே ஒரு ட்ரிம்பாட் (திருகிச் சரிசெய்யும் சிறு மின்தடை) கட்டாயம். பெருக்கம் தராத சோர்ஸ் ஃபாலோயர் அமைப்பு இந்த வேறுபாடுகளை எளிதில் பொறுத்துக்கொள்வதால், நான் அதையே தேர்ந்தெடுத்தேன்.

2025 ஜனவரி 14

கிட்டாருக்குள் வைக்கும் சுற்றுக்கு முதல் நிபந்தனை சிக்கனம். டிஎல்072 ஐசி அதன் இரு பகுதிகளுக்கும் சேர்த்து 2.8 மில்லியாம்பியர் எடுக்கும். 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லியாம்பியர்-மணி என்று கொண்டால் 180 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். டிஎல்062 ஏழில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஓடும், ஆனால் அதன் சொந்த இரைச்சல் இரு மடங்குக்கும் அதிகம். இசைக்கருவியின் முதல் கட்டத்தில் அந்த இரைச்சலை நான் ஏற்க மாட்டேன். ஜேஃபெட் பஃபரோ கால் மில்லியாம்பியரில் அமைதியாக இயங்குகிறது.

பேட்டரியை அணைக்கத் தனி ஸ்விட்ச் தேவையில்லை. வெளியீட்டில் ஸ்டீரியோ ஜாக்கைப் பொருத்தி, பேட்டரியின் எதிர்முனையை அதன் வளைய முனையில் இணைத்துவிட்டால், மோனோ பிளக்கைச் செருகும்போது பிளக்கின் உடலே வளையத்தையும் தரையையும் இணைத்துச் சுற்றை உயிர்ப்பிக்கும். பிளக்கை உருவினால் அது அணைந்துவிடும். 1976-இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் கிட்டார் முதற்கொண்டு உள்ளிணைந்த ப்ரீஆம்ப் பெருமளவு உற்பத்திக்கு வந்துவிட்டது. இத்தனை எளிய இணைப்பு ஒன்று அந்தக் கருவிகளை நடைமுறைக்கு உகந்தவையாக வைத்திருக்கிறது என்பதை எண்ண மகிழ்ச்சியாக இருக்கிறது.

2025 ஜனவரி 19

ஓவர்டிரைவை பிரெட்போர்டில் அமைத்தேன். அடிப்படை, இபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலின் கிளிப்பிங் (அலையின் முகட்டை வெட்டும்) கட்டம். ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி ஐசியின் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக இரு டயோடுகள். அவற்றோடு 51 கிலோஓமும் 500 கிலோஓம் டிரைவ் பாட்டும் (குமிழால் திருகும் மாறுமின்தடை). தரைக்குச் செல்லும் கிளையில் 4.7 கிலோஓமும் 0.047 மைக்ரோஃபாரட்டும். பெருக்கம் 12 முதல் 118 மடங்கு வரை மாறும். டயோடுகள் பின்னூட்டத்தில் இருப்பதால் அலையின் முகடு தட்டையாக வெட்டப்படாமல், வெட்டப்பட்ட பகுதியின் மேல் மூல அலையும் சேர்ந்தே வெளிவருகிறது. மீட்டும் விரலின் அழுத்த வேறுபாடு இதில் ஓரளவு தப்பிப் பிழைப்பதற்குக் காரணம் அதுதான்.

சிலிக்கான் டயோடு, ஜெர்மானியம் டயோடு, சிவப்பு எல்இடி என்று மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒலியளவை ஒவ்வொரு முறையும் சமன்செய்துவிட்டுக் கேட்டால் இவற்றிடையே வேறுபாடு சிறிதே. ஆனால் அந்த 0.047 மின்தேக்கியை 0.1 ஆக மாற்றியபோது கருவியே மாறியதுபோல் இருந்தது. முதலாவதில் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் படிப்படியாகக் குறைகிறது. இரண்டாவதில் அந்த எல்லை 340-க்கு இறங்கிவிடுகிறது. தடித்த கம்பிகளில் இரு சுரங்களைச் சேர்த்து மீட்டும்போது முதலாவது தெளிவாகவும், இரண்டாவது அகலமாகவும் சற்றுக் குழம்பியும் ஒலித்தன. அரிய டயோடுகளைத் தேடி அலைவோர், அதற்கு முன் இந்த மின்தேக்கியின் மதிப்பை மாற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.

2025 ஜனவரி 23

பஃபர் எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை. 1966-இல் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடல் வகைச் சுற்றில் முதல் டிரான்சிஸ்டரின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மாறும் சைகைக்குக் காட்டும் தடை) மிகக் குறைவு. பிக்கப்பின் தூண்டலும் கிட்டாரின் வால்யூம் பாட்டும் அந்தச் சுற்றின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. வால்யூமைச் சற்றுக் குறைத்தால் கரகரப்பு நீங்கி மணி போன்ற தெளிவு வருவது இதனால்தான். இடையில் பஃபரை வைத்தவுடன் அந்த உறவு முறிந்து, ஒலி கூர்மையாகவும் வறட்சியாகவும் ஆகிறது. எனவே ப்ரீஆம்ப்பை முற்றிலும் விலக்க, குமிழை இழுத்தால் ஸ்விட்சாக இயங்கும் பாட் ஒன்றைக் கிட்டாரில் பொருத்தத் தீர்மானித்தேன். பஃபருக்குப் பின் சிறு ஆடியோ மின்மாற்றியின் ஒரு சுருளைத் தொடரில் வைத்துப் பிக்கப்பைப் போலச் செய்யும் வழியும் உண்டு. நன்றாகவே இயங்குகிறது, ஆனால் கிட்டாரின் குழிக்குள் அதற்கு இடமில்லை.

2025 பிப்ரவரி 1

அதே பஃபரை அக்கூஸ்டிக் கிட்டாரின், அழுத்தத்தை மின்சைகையாக்கும் பியசோ பிக்கப்புக்கு மாற்றி அமைத்தேன். இங்கே சிக்கல் தலைகீழானது. காந்தப் பிக்கப் கேபிளிடம் உயர்தொனியை இழக்கிறது. பியசோ, உள்ளீட்டு இம்பீடன்ஸ் போதாவிட்டால் தாழ்தொனியை இழக்கிறது. பியசோவைத் தோராயமாக 500 பைக்கோஃபாரட் மின்தேக்கியாகக் கொண்டால், 1 மெகாஓம் உள்ளீட்டில் 318 ஹெர்ட்ஸிலிருந்தே சரிவு தொடங்கிவிடும். தடித்த ஈ கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அதன் உடல் முழுவதும் போய், தகரத்தைச் சுண்டுவதுபோல் மிஞ்சுவது இதனால்தான். 10 மெகாஓம் வைத்தால் சரிவு 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. பலரும் ஈக்வலைசரால் சரிசெய்ய முயலும் குறையை ஒரே ஒரு மின்தடை நீக்கிவிடுகிறது.

இவ்வளவு உயர்ந்த மதிப்புகளில் பலகையின் தூய்மையும் சுற்றின் பகுதியாகிறது. கேட் முனையைச் சுற்றிப் படிந்த, பற்றவைப்புக்கு உதவும் ஃபிளக்ஸ் பழுப்பு நிறக் கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். ஈரப்பதம் ஏறினால் அதன் வழியே மின்கசிவு உண்டாகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல்துலக்கியால், வெள்ளைத் துணியில் கறை படியாத வரை தேய்த்தெடுத்தேன்.

2025 பிப்ரவரி 6

ஓவர்டிரைவைப் பெட்டியில் அடைத்தாயிற்று. உள்ளீட்டில் 1 மெகாஓம் மின்தடையைத் தரைக்கு இட்டதால் ஸ்விட்சை மிதிக்கும்போது டப்பென்ற ஒலி எழவில்லை. மின்முனை தலைகீழானால் காக்க 1என்5817 டயோடு தொடரில் உள்ளது.

முதலில் ஒலி வரவில்லை. 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் ஒரு காலை ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் கேபிளில் இணைத்து, மறுகாலால் சுற்றை உள்ளீட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போனேன். லெவல் பாட்டின் ஓரக்காலில் ஒலி முழுமையாக இருந்தது, நடுக்காலில் இல்லை. புதிய பாட்டில் அந்தக் காலைப் பிடித்திருக்கும் ரிவெட் தளர்ந்திருந்தது. பாட்டை மாற்றியதும் பெடல் பேசியது. ஒலியைக் கேட்டே பழுதைத் தேடும் இந்த முறை, விலை மிகுந்த அலைநோக்கிக்கு ஈடாக எனக்கு உதவுகிறது.

2025 பிப்ரவரி 11

கிட்டாருக்குள் ப்ரீஆம்ப் ஏறிவிட்டது. 250 கிலோஓம் வால்யூம் பாட்டை நீக்கி, பஃபருக்குப் பின்னால் 25 கிலோஓம் பாட்டை வைத்தேன். பழைய பாட்டை மின்தடைப் பாதியில் நிறுத்தினால் அதன் வெளியீட்டுத் தடை 60 கிலோஓமைத் தாண்டும். கேபிளோடு சேர்ந்து 4,200 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள உயர்தொனியை அது தின்றுவிடும். புதிய பாட்டில் அந்த எல்லை செவிக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், வால்யூமைக் குறைத்தாலும் தெளிவு குறைவதில்லை. ஆனால் பழைய பாட் பிக்கப்பின் ஒத்ததிர்வை ஓரளவு அடக்கியும் வைத்திருந்தது; அந்த அடக்கம் போய்விடாதபடி பஃபரின் உள்ளீட்டில் 250 கிலோஓமுக்கு நெருங்கிய நிலையான மின்தடை ஒன்றை இட்டேன்.

எஞ்சியிருப்பது கேபிளின் வேலையை என் கைக்குக் கொண்டுவருவதுதான். பிக்கப்புக்கு இணையாக 220, 470, 1000 பைக்கோஃபாரட் மின்தேக்கிகளை ஒரு சுழல் ஸ்விட்சில் அமைத்தால், ஒத்ததிர்வு முறையே 5,300, 4,100, 3,000 ஹெர்ட்ஸ் அருகே வந்து நிற்கும். எதையும் சேர்க்காத நிலையில் 8,000-க்கு மேல் திறந்திருக்கும். இவற்றுள் 470 எனக்குப் பழகிய ஒலியை ஏறத்தாழ அப்படியே தருகிறது, 220 அதைவிடப் பிடித்திருக்கிறது. ஸ்விட்சுக்கான துளையை டோன் பாட்டின் அருகே குறித்துவிட்டேன்.