புளோக்குக்குப் பின்னால் உள்ள காடு

4 ஏப்ரல்

பத்திரிகையில் வந்த அறிவிப்பைப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கொண்டுவந்து காட்டினார். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருக்கும் காட்டைத் ‘திறந்தவெளி’ வகையிலிருந்து ‘குடியிருப்பு’ வகைக்கு மாற்றப் போகிறார்களாம். மனைப்பரப்பு விகிதம் 2.8. நிலம் எவ்வளவோ, அதைப்போல 2.8 மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்று பொருள். ஆட்சேபம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் எழுதித் தரவேண்டும்.

முன்பு அங்கே கம்பம், அதாவது கிராமக் குடியிருப்பு, இருந்தது. வீடுகள் போய்விட்டன, டுரியானும் ரம்புத்தானும் பலாவும் நிற்கின்றன. இடையில் அல்பீசியா மரங்கள் தானாக வளர்ந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இதைப் போய் வெட்டுவதா?

7 ஏப்ரல்

மகளிடம் சொன்னேன். “அம்மா, உங்களுக்கு வீடு இருக்கு. எங்களுக்கு?” என்றாள். அவளும் அவளுக்கு நிச்சயித்த பையனும் பிடிஓ எனும் அரசாங்கப் புது வீட்டுக் குலுக்கலில் காத்திருப்பவர்கள். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுமார் 735 சதுர கிலோமீட்டர் நாட்டில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் போட்டி இருக்கிறது. வீடே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் ஒற்றை மாடிக் கிடங்குகளும் பாதி காலியான கார் நிறுத்துமிடமும் இருக்கின்றனவே. தார் போட்ட நிலத்தில் முதலில் கட்டட்டும். எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் பெருந்திட்டத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை செய்கிறார்கள். அது வரை இந்தக் காடு காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? வெட்டிய காட்டைத் திரும்ப வைக்க முடியாது.

10 ஏப்ரல்

இதே ஊரில் உள்ள டோவர் காட்டைப் பற்றிப் படித்தேன். 33 ஹெக்டர். 2003 முதலே குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம். அப்படியிருந்தும் மக்கள் பேசினார்கள். 2021 ஜூலையில் கிழக்குப் பாதியில் மட்டும் வீடு, மேற்குப் பாதியை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. முழு வெற்றி இல்லைதான், அந்தக் கிழக்குப் பாதியை நினைத்தால் மனம் கனக்கிறது. எங்கள் காடு இன்னும் திறந்தவெளியாகவே இருக்கிறது, பேச இடம் இருக்கிறது.

14 ஏப்ரல்

புத்தாண்டு. வீடு நிறைய உறவினர்கள். “கவர்மென்ட் முடிவு பண்ணிட்டா அவ்வளவுதான்” என்றார் மாமா. முடிவு செய்திருந்தால் நம்மை ஏன் கேட்கவேண்டும்?

சாப்பாட்டுக்கு அப்புறம் மகள் என் கடிதத்தை வாங்கிப் படித்தாள். ஸ்ட்ரா ஹெடட் புல்புல் என்ற பாடும் பறவையைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். பாட்டுக்காகப் பிடித்து விற்றே பல நாடுகளில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். அது பிழைத்திருக்கும் மிகச் சில இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. காலையில் இந்தக் காட்டிலிருந்து அதன் குரல் கேட்கிறது. “இது இருக்கட்டும். மழைத்தண்ணீரைப் பற்றியும் கேளுங்கம்மா” என்றாள். சரியான கேள்வி. பிற்பகல் இடிமழையில் எங்கள் கால்வாய் விளிம்பு வரை வருகிறது. மேட்டில் உள்ள காடு குடிக்கும் தண்ணீரும் சேர்ந்து இறங்கினால் கீழ்த்தளக் கடைகள் என்ன ஆகும்?

16 ஏப்ரல்

கடிதத்தை அனுப்பிவிட்டோம். மூன்று கோரிக்கைகள்: கிடங்கு நிலத்தை முதலில் பரிசீலிக்க வேண்டும், சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து வெளியாகும் வரை வகை மாற்றம் கூடாது, எப்படியும் கட்டத்தான் வேண்டுமென்றால் கால்வாயை ஒட்டிய பழமரப் பகுதியை விட்டுவிட வேண்டும். மக்சிக் தன் தளம் முழுக்கக் கையெழுத்து வாங்கித் தந்தார். மகளும் போட்டிருக்கிறாள்.

அடுத்த மக்கள் சந்திப்பில் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் ஒரு பிரதி கொடுக்கிறோம். மழை நாளில் எடுத்த கால்வாய்ப் படங்கள் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புங்கள்.