‘குட் நைட், சேர்’

பொம்பர் என்ற சொல்லைக் கேட்டாலே பதுங்கு குழிக்குள் ஓடி வளர்ந்தவள் நான். அதனால் போன சனிக்கிழமை ஹமில்டன் விமான நிலையத்தை ஒட்டிய கனடியன் வார்பிளேன் ஹெரிட்டேஜ் அருங்காட்சியகத்தில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பொம்பரான லங்காஸ்டரின் கீழே போய் நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இன்று உலகத்தில் பறக்கக்கூடிய லங்காஸ்டர் இரண்டே இரண்டுதான். மற்றது இங்கிலாந்தில். இங்கே இருப்பதன் பக்கவாட்டில் ‘விஆர்-ஏ’ என்று பூசியிருக்கிறார்கள். அது அன்ட்ரூ மைனார்ஸ்கி என்ற கனடிய விமானப்படை வீரர் கடைசியாகப் பறந்த விமானத்தின் அடையாளம். அந்த விமானமும் சரி, இதுவும் சரி, செய்யப்பட்டது மோல்டனில். ரொறன்ரோவின் இன்றைய பியர்சன் விமான நிலையம் இருக்கும் இடம். நாங்கள் எத்தனையோ பேர் பெட்டியோடு வந்து இறங்கிய அதே மண்.

மைனார்ஸ்கி வின்னிபெக்கில் போலந்துக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். ஏழு பேர் கொண்ட குழுவில், விமானத்தின் முதுகிலிருந்த துப்பாக்கிக் கூண்டு அவருடையது. வால் கூண்டில் பட் புரோபி, நெருங்கிய கூட்டாளி. 1944 ஜூன் 12 இரவு, பிரான்ஸின் கம்ப்ரே ரயில் நிலையத்தைத் தாக்கப் புறப்படுமுன் புல்வெளியில் இருந்தபோது, மைனார்ஸ்கியின் கையில் நாலிலைக் குளோவர் ஒன்று அகப்பட்டது. அதிர்ஷ்டம் என்று நம்பப்படுகிற இலை. அதைப் புரோபியிடம் கொடுத்துவிட்டார்.

நள்ளிரவுக்குப் பிறகு ஜெர்மன் விமானம் சுட்டதில் இடப்பக்க எஞ்சின் இரண்டும் போயின. வால் கூண்டைத் திருப்பும் விசை அவற்றிலிருந்துதான் வரும். கூண்டு பாதியில் இறுகியது. கையால் சுற்றும் பிடியும் முறிந்தது. எல்லோரையும் குதிக்கச் சொன்னார் விமானி. வாசல்வரை போன மைனார்ஸ்கி, புரோபி சிக்கியிருப்பதைக் கண்டு நெருப்புக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் கொத்தினார், பிறகு வெறுங்கையால் இழுத்தார். உடையும் பாரசூட்டும் பற்றி எரிந்தன. ‘போ, போ’ என்று புரோபிதான் கைகாட்டினார்.

மைனார்ஸ்கி முகத்தைத் திருப்பாமலே பின்னோக்கித் தவழ்ந்தார். வாசலில் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்து ஏதோ சொன்னார். இரைச்சலில் கேட்காவிட்டாலும் புரோபிக்குத் தெரியும்: “குட் நைட், சேர்.” புரோபி அதிகாரியானதிலிருந்து இரவில் பிரியும்போதெல்லாம் சொல்லும் பகிடி அது.

விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து வீசப்பட்டு, புரோபி உயிர் தப்பினார். மைனார்ஸ்கி தீக்காயங்களால் இறந்தார். வயது 27. பிரான்ஸிலேயே, மெஹாரிகூர் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். புரோபி திரும்பி வந்து சொன்னதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 1946 இல் மைனார்ஸ்கிக்கு, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா குறொஸ் கொடுத்தார்கள். பிரித்தானிய விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பொம்பர் கொமாண்டில் இறந்தவர்கள் 55,573 பேர். எத்தனை விமானங்களில், நடந்ததைச் சொல்ல ஒருவர்கூட மிஞ்சவில்லை!

அவர்கள் போட்ட குண்டுகளின் கீழே இருந்தவர்களையும் நான் மறக்கவில்லை. என்னால் மறக்கவும் முடியாது. ஆனாலும் அன்று மனம் முழுக்க அந்த மனிதர்தான்.

முதுகுக் கூண்டிலிருந்து வால்வரை விமானத்தின் கீழே நடந்தேன். பத்துச் சொச்சம் எட்டுகள்தான். திரும்பும்போது, வால் கூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அவரைப் போலப் பின்னோக்கி வந்து பார்த்தேன். நாலாவது எட்டிலேயே தடுமாறிவிட்டேன்.