கடைசி செமஸ்டர் கச்சேரித் தேர்வு: பல்லவி, பக்கவாத்தியம், நான் பட்ட பாடு

ஜூனியர் பசங்க நிறைய பேர் "அக்கா, கடைசி செமஸ்டர் கச்சேரி எப்படி பண்ணீங்க, பல்லவிக்கு எப்படி ரெடி ஆனீங்க"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதனால மொத்தமா எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் படிச்சது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல, முதுநிலை இசை, வாய்ப்பாட்டு. 1929ல ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரியா ஆரம்பிச்ச இடம் அது, டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் எல்லாம் சொல்லிக்கொடுத்த இடம், 1941ல முதல் தமிழிசை மாநாடு நடந்ததும் அண்ணாமலை நகர்லதான். இதையெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும்போது வெறும் வருஷமாத்தான் தெரிஞ்சுது. பாட்டு லிஸ்ட் போட உக்காந்தப்பதான் அதோட கனம் புரிஞ்சுது. இந்த ஊர்ல கச்சேரி பண்றேன், முத்துத் தாண்டவர் இல்லாம எப்படின்னு தோணுச்சு. அவர் சீர்காழிக்காரர், தினமும் சிதம்பரம் வந்து, கோயில்ல காதுல விழற முதல் வார்த்தையையே எடுத்து பாட்டாக்குவார்னு சொல்லுவாங்க. அதனால மெயினுக்கு முன்னாடி அவரோட கீர்த்தனை ஒண்ணு, அதுல நிரவல் (ஒரு வரியையே விதவிதமா விரிச்சுப் பாடறது), அப்புறம் கோபாலகிருஷ்ண பாரதி ஒண்ணுன்னு வெச்சேன். முதல்ல மோகன வர்ணம், ரெண்டு காலத்துல, அதாவது ரெண்டு வேகத்துல. கடைசில திருப்புகழ். நடுவுல மெயினா கரகரப்பிரியாவுல ராகம் தானம் பல்லவி, அதாவது முதல்ல ராக ஆலாபனை, அப்புறம் தாளமில்லாம தானம், கடைசில ஒரே வரியை (அதுதான் பல்லவி) தாளத்தோட வேற வேற வேகத்துல பாடறது.

லிஸ்ட் போடறது ஈஸின்னு நெனைக்காதீங்க. அடுத்தடுத்து ஒரே மாதிரி ராகம் வரக்கூடாது, எல்லாமே ஆதி தாளமா இருக்கக்கூடாது, விளம்பமும் வேகமும் மாறி மாறி வரணும். எங்க சார் என் லிஸ்ட்டைப் பார்த்துட்டு பென்சில்ல ரெண்டு பாட்டை அடிச்சுட்டு, "உனக்குப் பிடிச்ச பாட்டு வேற, உன் குரலுக்கு நிக்கற பாட்டு வேறம்மா"ன்னு சொன்னார். அந்த ரெண்டு பாட்டுலயும் மேல் ஸ்தாயியில ரொம்ப நேரம் நிக்கணும், பல்லவிக்கு வரும்போது குரல் களைச்சுப்போயிடும். அவர் சொன்னது சரிதான்.

இப்ப முக்கியமான விஷயம், பக்கவாத்தியம். வயலின் என் கிளாஸ்மேட், மிருதங்கம் வேற செக்ஷன் பையன். அவன் வழக்கமா பையங்களுக்குத்தான் வாசிப்பான், அவன்கிட்ட இருந்தது தக்கு ஸ்ருதி மிருதங்கம், கீழ் ஸ்ருதிக்கானது. நான் பாடறது அஞ்சு கட்டை, உயரமான ஸ்ருதி, அதுக்கு ஹெச்சு (மேல்) ஸ்ருதி மிருதங்கம் வேணும், தக்கு வாத்தியத்தை எவ்வளவு தட்டினாலும் அவ்வளவு தூரம் ஏறாது. ஒரு சீனியர் அண்ணாகிட்ட கடன் கேட்டு வாங்கிட்டு வந்து, அந்த வாத்தியம் அவன் கைக்குப் பழகவே கொஞ்ச நாள் ஆச்சு. ஒவ்வொரு ரிகர்சலுக்கும் தொப்பியில (மிருதங்கத்தோட இடது பக்கம்) ரவை பிசைஞ்சு ஒட்டுவான், கல்லை வெச்சு தட்டித் தட்டி ஸ்ருதி சேர்ப்பான், ஃபேன் காத்துல ரவை காஞ்சா திரும்ப தண்ணி தொட்டு ஒட்டுவான், முடிஞ்சதும் சுரண்டி எடுத்து துடைச்சு வெப்பான். இவ்வளவும் என்னோட மார்க்குக்காக. அதனால சொல்றேன், பக்கவாத்தியக்காரங்ககிட்ட செமஸ்டர் ஆரம்பத்துலயே பேசிடுங்க, உங்க ஸ்ருதி என்னன்னு சொல்லிடுங்க, கடைசி வாரம் போய் நிக்காதீங்க ப்ளீஸ். வாசிக்கறவங்க கொஞ்ச பேர்தான், பாடறவங்கதான் அதிகம், எல்லாரும் அதே ரெண்டு மூணு பேரைத்தான் தேடுவாங்க.

பல்லவிக்கு வரேன். வரி நானே எழுதினேன், "தில்லை அம்பலம் தேடி வந்தேன், திருநடம் காணவே". ஆதி தாளம், அதாவது ஒரு சுத்துக்கு (ஆவர்த்தனம்) எட்டு கை அசைவு: ஒரு தட்டு, மூணு விரல், அப்புறம் தட்டும் வீச்சுமா (கையைத் திருப்பறது) ரெண்டு திருதம். ரெண்டு களை, ஒவ்வொரு அசைவுக்கும் ரெண்டு எண்ணிக்கை. எடுப்பு சமத்துல, அதாவது முதல் தட்டுலயே பல்லவி ஆரம்பிக்கும். "வந்தேன்" முதல் திருதத்துல வந்து விழும், அதுதான் அருதி, பல்லவியை ரெண்டா பிரிக்கற இடம், அங்க கொஞ்சம் மூச்சு விட்டு அப்புறம் "திருநடம்". ரெண்டாங்காலம்னா ஒரு ஆவர்த்தனத்துக்குள்ள பல்லவி ரெண்டு தடவை, மூணாங்காலம்னா நாலு தடவை, அது பழகிடும். திஸ்ரம், அதாவது மூணு மூணா எண்ணற நடை, அதுதான் என்னை ஆட்டி வெச்சுது. திஸ்ரத்துல ரெண்டு ஆவர்த்தனத்துக்கு மூணு பல்லவி. முதல் பல்லவி சமத்துல ஆரம்பிக்குது, சரி. ரெண்டாவது பல்லவி எங்க ஆரம்பிக்குது? எந்தத் தட்டுலயும் விழாது! ரெண்டு களைக்கு ஆவர்த்தனத்துல மொத்தம் 16 எண்ணிக்கை, அதுல பதினொண்ணாவது, அதாவது முதல் திருதத்தோட வீச்சு போட்டு அதுல மூணுல ரெண்டு பங்கு தாண்டினப்புறம் "தில்லை" எடுக்கணும். மூணாவது பல்லவி அடுத்த ஆவர்த்தனத்துல, மோதிர விரல் ரெண்டாவது எண்ணிக்கையில மூணுல ஒரு பங்கு தாண்டி. பேப்பர்ல கணக்கு போட்டா புரியும், பாடும்போது கை தானா வாயோட போயிடும், வார்த்தை எடுக்கற இடத்துல தட்டிடுவோம், தாளம் போச்சு.

இதுக்கு வழி சொன்னது மிருதங்கக்காரன்தான். "நீ பாடாத, தாளம் மட்டும் போடு, நான் பல்லவியை சொல்கட்டா, மிருதங்கச் சொல்லா சொல்றேன்"னான். அவன் திஸ்ரத்துல தகிட தகிடன்னு சொல்லிட்டே போவான், நான் கையை மட்டும் பார்த்துக்கிட்டு நிதானமா போடணும். அப்புறம் மாத்திக்கிட்டோம், நான் பாட அவன் தாளம். அதுக்கப்புறம்தான் ரெண்டையும் நானே. சாயந்திரம் கிளாஸ் முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் ரூம்ல உக்காந்து இதே வேலைதான். ஒரு கட்டத்துல எண்ணறதை விட்டுட்டேன், அந்த வீச்சு வரும்போது "தில்லை" தானா வந்து உக்கார ஆரம்பிச்சுது. கணக்கு தெரிஞ்சாகணும், ஆனா மேடையில எண்ணிக்கிட்டே பாடினா ராகம் செத்துடும், இது என்னோட உறுதியான அபிப்பிராயம்.

தேர்வு அன்னிக்கு எக்ஸ்டர்னலா வந்த மேடம் ரொம்ப அமைதியா கேட்டாங்க. வர்ணம், கீர்த்தனை எல்லாம் வேகமா போயிடுச்சு, பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கரகரப்பிரியா ஆலாபனையில நான் பஞ்சமத்துல நின்னப்ப, வயலின்காரி அதே பஞ்சமத்தைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு மூச்சு வாங்க டைம் குடுத்தா பாருங்க, அது ரிகர்சல்ல பேசி வெச்சது கிடையாது, அவளே பண்ணது. தானத்துல அவ வாசிச்ச ஒரு பிடியைக் கேட்டுத்தான் நான் அடுத்து எங்க போறதுன்னு முடிவு பண்ணேன். திஸ்ரம் வந்து விழுந்துச்சு, மூணாவது பல்லவி முடிஞ்சு திரும்ப சமத்துக்கு வந்தப்ப மிருதங்கக்காரன் என்னைப் பார்த்து தலையை ஆட்டினான். முடிஞ்சதும் மேடம், "மிருதங்கம் வேண்டாம், தனியா தாளம் போட்டு திஸ்ரம் ஒரு தடவை பாடும்மா"ன்னாங்க. பாடினேன். அப்புறம் 22வது மேளத்துல, அதாவது அதே கரகரப்பிரியாவுல, நாலு ஜன்யம் (அதுல இருந்து பிறந்த ராகம்) கேட்டாங்க, ஸ்ரீராகம், ரீதிகௌளை, ஆபோகி, மத்யமாவதின்னு சொன்னதும் ரீதிகௌளையில ரெண்டு வரி ஆலாபனை பாடச் சொன்னாங்க. அதனால சொல்றேன், ஜன்ய ராகத்தை பேரா மட்டும் படிக்காதீங்க, பாடியும் வெச்சுக்கங்க.

நல்ல மார்க் வந்துச்சு, சந்தோஷம். ஆனா ஒண்ணு மனசுல இருக்கு, அதைச் சொல்லியே ஆகணும். பொதுவாவே இசை மாணவர் சாதனைன்னு எங்க போட்டாலும் பாடினவங்க பேரும் போட்டோவும்தான் வருது. பல்கலைக்கழகங்களுக்கு இடையில நடக்கற இளைஞர் விழாவுலயும் சோலோ பாட்டுக்குப் பரிசு வாங்கறது ஒருத்தர், பின்னாடி உக்காந்து வாசிச்சவங்க பேரு யாருக்கும் ஞாபகம் இருக்காது. அவங்களும் மாணவங்கதானே, அதே ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டு, அதே பீஸ் கட்டி படிக்கறவங்க. ஜூனியர்ஸ், உங்க கச்சேரி போஸ்டர் போட்டா மூணு பேரையும் ஒரே சைஸ் எழுத்துல போடுங்க, ரிசல்ட் வந்து ஸ்டேட்டஸ் வெச்சாலும் அவங்களை டேக் பண்ணுங்க.

வர்ற வாரம் எங்க மிருதங்கக்காரனுக்கு அவனோட தேர்வு, தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியா வாசிக்கறது. பாடறது நான்தான், தாளமும் நான்தான் போடறேன். மிஸ்ர சாப்பு, ஏழு எண்ணிக்கைத் தாளம், எடுத்திருக்கான், நேத்துல இருந்து அதைத்தான் போட்டுப் பழகிட்டு இருக்கேன்.