ஏழாம் அவென்யூவில் தையல் படிப்பு

"தையல் படிக்கவா அமெரிக்கா போனாள்?" என்று திருப்பூரில் உறவினர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அம்மா இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இல்லை, கோபம்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். ஒன்றரை ஷிப்டு நின்றபடியே வேலை செய்த நாட்களைப் பற்றி இன்றும் பெருமையாகத்தான் பேசுவார். தையலால் வீடு கட்டியவர்களே தையலைத் தாழ்வாகப் பேசுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. என்னாலும்தான்.

நான் படிப்பது நியூயார்க்கில் உள்ள ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில். எஃப்.ஐ.டி. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மாநிலத் தலைநகரான ஆல்பனியில் வேலை என்பதால் முதலாண்டை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ட்ராய் நகரின் கம்யூனிட்டி கல்லூரியில் படித்தேன். ட்ராய் சின்ன ஊர். ஆனால் துணியைப் பற்றி நினைக்கிறவர்களுக்கு அது சின்ன ஊர் இல்லை. 1827-ல் அங்கே ஹன்னா மாண்டேகு என்ற பெண், கணவரின் சட்டை முழுவதையும் துவைப்பதற்குப் பதிலாக அழுக்கான காலரை மட்டும் வெட்டியெடுத்துத் துவைத்துத் திரும்பத் தைத்தாராம். கழற்றி மாட்டும் காலர் அதிலிருந்து பிறந்தது. ஊரே காலர் தொழிலில் வாழ்ந்தது. அந்தக் காலர்களைச் சுடுநீரிலும் கஞ்சியிலும் வேகவைத்துத் தேய்த்த பெண்களைத் திரட்டி, 1864-ல் கேட் முல்லானி சங்கம் அமைத்தார். அவர் வாழ்ந்த வீடு இன்றும் நிற்கிறது.

துணி சுருங்காமல் இருக்கச் செய்யும் 'சான்ஃபரைஸ்டு' முறையை உருவாக்கிய சான்ஃபோர்ட் க்ளூயட்டும் அதே ஊரின் காலர், சட்டை நிறுவனத்தைச் சேர்ந்தவர்தான். துணிக்கரையில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் தாத்தா சட்டைத்துணி எடுப்பார் என்று அப்பா சொன்னார்.

ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறுவதைப் பற்றி நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எஃப்.ஐ.டி. தனியார் கல்லூரி இல்லை. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் அடங்கியது. மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு, அசோசியேட் எனப்படும் இரண்டாண்டுப் பட்டப் படிப்புக்கான கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ஆறாயிரம் டாலருக்குள் அடங்கிவிடுகிறது. வெளிமாநிலத்தவருக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. இதே நகரத்தில் இருக்கும் பெயர்பெற்ற தனியார் கலைக் கல்லூரிகளின் கட்டணம் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். அந்தச் சலுகைக் கட்டணத்துக்கு, நாம் இருக்கும் கவுண்டியிலிருந்து, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியிலிருந்து, வசிப்பிடச் சான்று வாங்கித் தர வேண்டும். வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது என்று ஒரு கோப்பே சேர்ந்தது. அப்பா விடுப்பு எடுத்து என்னோடு வரிசையில் நின்றார்.

அடுத்தது கிரெடிட் கணக்கு, அதாவது படித்து முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளின் கணக்கு. மாற்றத்தக்க கிரெடிட் முப்பது இருந்தால் சில துறைகளில் இரண்டாண்டு அசோசியேட் படிப்பை ஓராண்டிலேயே முடிக்கலாம். நான் சேர்ந்தது அந்த வழியில். ஆங்கிலக் கட்டுரைப் பாடம், கணிதம், கலை வரலாறு, ஓவியம் எல்லாம் கணக்கில் ஏறின. சின்ன வயதிலிருந்து அம்மாவிடம் கற்ற தையலுக்கு எந்தக் கட்டத்திலும் இடம் இல்லை. ஆனால் வடிவமைப்புத் துறைக்கு மதிப்பெண் மட்டும் போதாது, போர்ட்ஃபோலியோவும் வைக்க வேண்டும்: வரைந்த வடிவங்கள், அவற்றுக்குரிய துணி மாதிரிகள், நாமே தைத்த உடைகளின் படங்கள். அதில் நான் வைத்தவற்றில் ஒன்று கிராஸ் கட் ஜாக்கெட். முன்பக்கம், உள்பக்கம், பிரித்துப்போட்ட துண்டுகள் என மூன்று படங்கள். சான்றிதழில் இடம் கிடைக்காத படிப்பு அந்த வழியாக உள்ளே வந்தது.

குடியிருப்பது நியூயார்க் நகரின் ஃப்ளஷிங் பகுதியில், அப்பாவுக்குத் தூரத்து உறவான ஓர் அத்தை வீட்டில். 1977-ல் குடமுழுக்கு கண்ட பிள்ளையார் கோவில் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. கோவிலின் அடித்தளத்தில் உள்ள உணவகத்தில் தோசை கிடைக்கும். வெள்ளிக்கிழமைகளில் அத்தை என்னை அங்கே அழைத்துப்போகாமல் விடமாட்டார். "பட்டினி கிடந்து படிக்க வேண்டாம் கண்ணு, படிப்பு எங்கேயும் ஓடிவிடாது" என்பார். என் அறையில் கட்டிலையும் ஒரு நாற்காலியையும் தவிர வேறெதற்கும் இடமில்லை. துணி வெட்டக் கூடத்துத் தரையைத்தான் துடைத்து எடுத்துக்கொள்வேன். அதற்காக அத்தை சோபாவை நகர்த்தி வைப்பதை வேறு யாரும் செய்வார்களா என்று தெரியவில்லை.

காலையில் 7-ஆம் எண் ரயில். தோளில் மாதிரி வெட்டிப் பார்க்கும் பருத்தித் துணியான மஸ்லின் சுருள், கையில் நீள அளவுகோல், பையில் கத்தரியும் குண்டூசிப் பெட்டியும். இன்னொரு ரயில் மாறினால் கல்லூரி வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கலாம். நான் மாறுவதில்லை. டைம்ஸ் சதுக்கத்தில் இறங்கி ஏழாம் அவென்யூ வழியாகத் தெற்கே 27-ஆம் தெருவரை நடக்கிறேன். அந்த நடை என் பாடத்திட்டத்தில் இல்லாத பாடம்.

39-ஆம் தெரு முனையில் பெரிய பொத்தான் ஒன்றும் அதைத் துளைத்து நிற்கும் ஊசியும் இருக்கின்றன. சுற்றுலா வருகிறவர்கள் அதைத்தான் படம் எடுப்பார்கள். பக்கத்திலேயே தையல் இயந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் யூதத் தொழிலாளி ஒருவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. ஜூடித் வெல்லர் 1984-ல் தம் தந்தையை நினைவில் வைத்துச் செய்தது. துணியைப் பிடித்திருக்கும் அந்தக் கைகளை நின்று பாருங்கள். தைத்துப் பழகியவர்களுக்கு அந்தப் பிடி தெரியும்.

1960-களில் அமெரிக்கர் உடுத்திய துணிமணியில் பெரும்பகுதி உள்நாட்டிலேயே தைக்கப்பட்டது. அதில் தையல் கூடங்கள் நிறைந்திருந்த இந்தச் சில தெருக்களின் பங்கு மிகப் பெரியது. பிறகு வேலை கடல் கடந்து போயிற்று. எங்கே போயிற்று என்பது திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே மீதமிருக்கும் தொழிற்கூடங்களைக் காப்பாற்ற 1987-ல் கொண்டுவந்த நிலப் பயன்பாட்டு விதிகளை 2018-ல் தளர்த்திவிட்டார்கள். வாடகை ஏற ஏற மாடிகள் அலுவலகங்களாகின்றன. ஆனாலும் ஜிப் மட்டும் விற்கும் கடை இருக்கிறது, துணிக்கு மடிப்பு வைத்துத் தரும் கூடம் இருக்கிறது, பொத்தானுக்குத் துணி போர்த்தித் தருகிறவர் இருக்கிறார். லிஃப்டில் ஏறிப்போய்க் கதவைத் தட்டினால் திறப்பார்கள். ஈக்வடாரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அப்படியொரு கூடத்தில் சாம்பிள் டெய்லர், அதாவது முதல் மாதிரி உடையைத் தைப்பவர். மெல்லிய பட்டில் விளிம்பு மடிப்பது எனக்குச் சரியாக வராததைக் கண்டு, என் கையிலிருந்த துண்டை வாங்கி, விரல்நுனியை ஈரப்படுத்தி உருட்டிக் காட்டினார். எங்களுக்குள் பொது மொழி அதிகம் இல்லை. திருப்பூரிலும் அந்த வேலைக்குச் சாம்பிள் டெய்லர் என்றுதான் பெயர் என்று சொன்னபோது மட்டும் நன்றாகச் சிரித்தார்.

எஃப்.ஐ.டி. பிறந்ததே இந்தத் தெருக்களுக்காகத்தான். தையல்காரர்களின் பிள்ளைகள் தையலுக்கு வராமல் வேறு படிப்புக்குப் போகத் தொடங்கியதும், தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று 1944-ல் ஓர் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தின் மேல்தளங்களில் நூறு மாணவர்களோடு தொடங்கினார்கள். இதைப் படித்தபோது, எங்கள் ஊரில் இப்போது நடக்கும் அதே கதை என்று தோன்றியது.

வகுப்புகளில் என்னை முழுதாக இழுத்துக்கொண்டது டிரேப்பிங். காகிதத்தில் அளவு போட்டு வெட்டுவதற்குப் பதிலாக, துணியை நேரே உடல் வடிவப் பொம்மையின் மீது விரித்து, குண்டூசியால் பிடித்து, கோடு போட்டு, பிறகு பிரித்து எடுத்து அதையே பேட்டர்ன் ஆக்குவது. தொடங்கும் முன் பாவு நூல் போகும் திசையையும் ஊடை போகும் திசையையும் பென்சிலால் குறித்துவிட வேண்டும். பாவு செங்குத்தாக நின்றால் துணி விறைப்பாக விழும். அதே துணியைக் குறுக்கே, நாற்பத்தைந்து டிகிரியில் திருப்பினால் இளகி, உடம்பின் வளைவோடு தானே இறங்கும். 1920-களில் பாரிஸில் மாதலேன் வியோனே இதைக் கொண்டு செய்த கவுன்களின் படங்களை ஆசிரியர் காட்டினார். வகுப்பே மூச்சடைத்துப் பார்த்தது. எனக்கோ, ஊரில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கும் லேடீஸ் டெய்லர் கிராஸ் கட் ஜாக்கெட்டின் முன்பக்கத்துக்குத் துணியைச் சாய்த்து வைத்து வெட்டுவது கண்ணில் நின்றது. நெஞ்சுப் பகுதியில் சுருக்கமில்லாமல் பொருந்த வேண்டும் என்பதற்காக அவர்கள் செய்வதும் இதே கணக்குதான். அதைச் சொன்னேன். ஆசிரியர் வெட்டிக் காட்டச் சொன்னார். அரை மீட்டர் மஸ்லினில் வெட்டி, பொம்மையில் பொருத்தினேன். ஏன் இந்த இடத்தில் டார்ட் (பொருத்தத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) இல்லை, இந்தத் தையல் ஏன் கீழே இறங்குகிறது என்று கேள்விமேல் கேள்வி. அம்மாவும் அவருக்குக் கற்றுத்தந்தவர்களும் எழுதி வைக்காத பதில்களை, அன்று நான் சொற்களாக்க வேண்டியிருந்தது.

கல்லூரியிலிருந்து தெற்கே நடந்தால் வாஷிங்டன் பிளேஸ் வரும். அங்கே ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் சுவரில் எஃகுப் பட்டையில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. 1911 மார்ச் 25 அன்று அதன் மேல்தளங்களில் இயங்கிய ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள். ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. 2023-ல் அமைத்த அந்த நினைவுச் சின்னத்தில், மேலே வெட்டிய பெயர்கள் கீழே இருக்கும் கறுப்புப் பலகையில் வெளிச்சமாக விழுகின்றன. குனிந்து படித்தால், உயிர் தப்பியவர்களின் சொற்களையும் காணலாம். ஃபேஷன் படிக்கும் ஒவ்வொருவரையும் முதல் வாரத்திலேயே அங்கே அழைத்துப்போக வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். தாம் வேலை பார்த்த இடத்திலும் ஷிப்டு முடியும்வரை வெளிக்கதவு பூட்டியே இருக்கும் என்றார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் சொன்னதே இல்லை.

அசோசியேட் படிப்பு முடிந்ததும் இளங்கலைக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அங்கே குழந்தைகள் உடை, உள்ளாடை, நிட்வேர் எனும் பின்னலாடை, விளையாட்டுச் சாயல் உடை, விசேஷ உடை என்று பிரிவுகள். நான் நிட்வேர் கேட்கப்போகிறேன். கவுன் தைக்கும் கனவோடு வந்தவள்தான். ஆனால் உலகம் தினமும் உடுத்துவது பின்னல் துணியை. அதைச் செய்கிறவர்களின் ஊரிலிருந்து வந்த நான், ஆர்டர் எழுதும் மேசையின் இந்தப் பக்கத்தில் என்ன முடிவாகிறது என்பதையும் அறிய வேண்டும். ஒரு தையலை மாற்றினால் பவர் டேபிளில், அதாவது தையல் இயந்திரத்தில், உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை நேரம் கூடும், தைத்த எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டில் அவருக்கு என்ன குறையும் என்பதை வடிவம் வரைகிறவர் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு வைக்கும் வடிவங்களில், ஒவ்வோர் உடைக்கும் அருகே அதைத் தைக்க எத்தனை கைகள் தேவை, ஓவர்லாக் இயந்திரத்தில் என்ன, பேட்லாக் இயந்திரத்தில் என்ன என்று எழுதி வருகிறேன். அம்மா தொலைபேசியில் திருத்துகிறார்.