மூன்று மணி நேரத்தைத் தேடி பதினொரு மாதம்

கடைசி சீல் போன வியாழக்கிழமை விழுந்தது. குத்தியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நான்தான் வெளியே வந்து, ஆபிஸ் மதிலோரமாக நின்று அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மாதம். நான் முதலில் கேட்டது பழைய பெட் ஹெட் டிக்கெட்டுகளை, அதாவது ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் எழுதுகிற குறிப்புத் தாள்களை, புரட்டிப் பார்க்க அனுமதி.

தாதியர் பட்டப்படிப்பின் கடைசி வருட ஆய்வு இது. மலையகத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு தலைப்பை எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். ஆய்வு முறை, மாதிரி அளவு எல்லாம் மேற்பார்வையாளர் பார்த்துக்கொள்வார். என் மேடமும் முன்மொழிவில் இரண்டே திருத்தம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் கூத்து.

என் கேள்வி சின்னது. தேயிலைத் தோட்டத்தில் அடிபட்டு ரத்தம் போகிற ஒருவருக்கு, ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரனெக்ஸாமிக் அமில ஊசி எத்தனை மணி நேரத்துக்குள் ஏறுகிறது? இந்த ஊசியைப் பற்றி 2010இல் வந்த கிராஷ்-2 ஆய்வைப் படித்தவர்களுக்கு ஏன் கேட்கிறேன் என்று தெரியும். 40 நாடுகள், 20,000க்கும் மேற்பட்ட காயக்காரர்கள். அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் ஊசி ஏறினால் ரத்தப்போக்கால் சாவது குறைந்தது, ஒரு மணிக்குள் என்றால் இன்னும் நன்றாகக் குறைந்தது. மூன்று மணி தாண்டிப் போட்டவர்களில் ரத்தப்போக்குச் சாவு கூடியே போனது. 2018இல் காயக்காரர்கள், பிரசவத்தில் ரத்தம் போன தாய்மார் என்று 40,000 பேரின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் சுமார் 10 சதவீதம் கழிந்துகொண்டே போகிறதாம். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் 1962இல் கண்டறிந்த பழைய மருந்து, விலையும் குறைவு. பிரச்சினை மருந்தில் இல்லை, மணிக்கூட்டில். எங்கள் பக்கம் 15 நிமிடத்தில் கொழுந்து லொறி மேல் டிவிஷனில் இருந்து மெயின் ரோட்டுக்கே இறங்காது.

முதல் அடி நானாகத் தேடிக்கொண்டது. தலைப்பில் ‘மருந்தின் பலன்’ என்று பெருமையாக எழுதியிருந்தேன். ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கிற பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவில் விண்ணப்பங்களைப் பிரிக்கிறவர் ‘மருந்து’ என்ற சொல்லைக் கண்டதும் ஃபைலை மருந்துப் பரிசோதனைக் கட்டில் போட்டுவிட்டார். இரண்டு மாதம் சத்தமே இல்லை. பிறகு ஒரு கடிதம்: பங்கேற்பாளர்களுக்குக் காப்புறுதி எங்கே, மருந்து தயாரிப்பாளரின் ஆவணம் எங்கே, பரிசோதனைப் பதிவு இலக்கம் எங்கே. நான் யாருக்கும் ஊசி போடப் போவதில்லை, எப்போதோ போட்ட ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று பார்க்கப் போகிறேன், அவ்வளவுதான் என்று விளக்கி எழுதி, தலைப்பையும் மாற்றி, திரும்பவும் வரிசையின் வாலில் போய் நின்றேன். ஆகவே தலைப்பை எவ்வளவு சப்பென்று வைக்க முடியுமோ அவ்வளவு சப்பென்று வையுங்கள். ‘பழைய பதிவேடுகளின் மீளாய்வு’ என்ற சொற்கள் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

அடுத்தது ஒப்புதல் படிவம். டிக்கெட் பார்ப்பதோடு, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர்களையும் லொறி டிரைவர்களையும் பேட்டி காண்பதாகவும் எழுதியிருந்தேன். அதனால் மூன்று மொழியிலும் படிவம் வேண்டும். தமிழை நானே எழுதிக்கொடுத்தேன், ஏற்கவில்லை. பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டுமாம். அவர் எழுதிய தமிழில் ‘குருதியுறைதல்’, ‘விபத்துற்றோரின் மீளுயிர்ப்பு’ என்றெல்லாம் வந்தது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தவருக்குச் சரி. கொழுந்து லொறி ஓட்டுகிற அண்ணனுக்கு? ஒத்திகைக்காக ஒருவருக்கு வாசித்துக் காட்டினேன். முழித்தார். “ரத்தம் கட்டுறதப் பத்தின ஆய்வு அண்ணே” என்றேன். உடனே கால்சட்டையை முழங்கால் வரைக்கும் சுருட்டி, “இங்க பாரு புள்ள, மூணு வாரமா ரத்தம் கட்டி நிக்கிது, இதுக்கு ஏதும் ஊசி இருக்கா?” என்று கேட்டார்.

தப்பு அவர் மேல் இல்லை. ரத்தம் கட்டுவது என்றால் நம் ஊரில் கன்றிப்போவது. ரத்தக்கட்டி என்றால் மூளையிலோ நெஞ்சிலோ அடைக்கிற சமாச்சாரம். காயத்தில் ரத்தம் நிற்பதற்கு ‘நிக்கிறது’ என்பதுதான் சொல். அப்புறம் அவரிடம் இப்படிச் சொன்னேன்: பலமாக அடிபட்டால் சில பேருக்கு ரத்தம் உறைகிற வேலையே உடனே கெட்டுப்போகும். உடம்பு ஒரு பக்கம் காயத்தை அடைக்கும், இன்னொரு பக்கம் அடைத்ததை அதுவே கரைக்கும். இந்த ஊசி கரைப்பதைத் தடுக்கும். அவர் கொஞ்சம் யோசித்து, “அடைச்ச ஓட்டைய எலி திரும்ப நோண்டுற மாதிரி” என்றார். பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்த காசை இவருக்குக் கொடுத்திருக்கலாம். குழு அந்த வரியை ஏற்கவில்லை என்பது வேறு கதை. ஆனால் ‘ரத்தம் நிற்பது’ என்று மாற்ற விட்டார்கள், அதுவே எனக்கு வெற்றிதான்.

இதில் ஒரு வாசிப்புப் பலனும் உண்டு. சேலைனை ஊற்றி ரத்தத்தை ஐதாக்குவதால்தான் உறைதல் கெடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐதாக்குவது கெடுதல்தான். ஆனால் 2003இல் லண்டனில் வந்த ஆய்வில், கடும் காயக்காரர்களில் நாலில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குள் வரும்போதே உறைதல் குலைந்த நிலையில்தான் வந்திருந்தார். கோளாறு ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

நெறிமுறைக் கடிதம் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் பால்சோறு கூடச் செய்தார்கள். அவசரப்பட்டுவிட்டோம். அது பல்கலைக்கழகத்தின் அனுமதி மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குத் தனிக் கடிதம், அதற்கு மேலிடத்துக் கடிதம், அந்த மேலிடத்துக்கு ஆஸ்பத்திரியின் ‘ஆட்சேபனை இல்லை’. கோழியா முட்டையா கணக்கு. மஸ்கெலியாவில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, கினிகத்தேனை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தால், விஷயத்துக்குப் பொறுப்பான கிளார்க் லீவு. அடுத்த முறை ஆள் இருந்தார், சீல் லாச்சியில் பூட்டியிருந்தது, சாவி லீவில் போனவரிடம். “ஹெட்ட என்ன” என்றார். சிங்களத்தில் ‘நாளைக்கு வாங்க’. எங்கள் அம்மாவுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. வீட்டுக்கு வந்து சொன்னதும், “நாளைக்கு என்னன்னு நீ கேக்க வேண்டியதுதானே” என்றார்.

கைகொடுத்தது ஒரு சின்ன வேலை. நான்காம் முறை போகும்போது அந்தக் கிளார்க் கையெழுத்து வாங்க வேண்டிய கடிதத்தை நானே சிங்களத்தில் டைப் அடித்து, இலக்கத்துக்கும் திகதிக்கும் இடம் விட்டுக் கொண்டுபோனேன். வாசித்துப் பார்த்து, ஒரே ஒரு சொல்லை வெட்டி, உள்ளே கொண்டுபோய் அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்தார். அத்தனை நாளும் அந்த மனிதருக்குக் கடிதம் எழுதத்தான் சோம்பல். எல்லாவற்றிலும் மூன்று போட்டோ கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பிரதியைக் கேட்டால் காட்டுங்கள், கையை விட்டுக் கொடுக்காதீர்கள். என்னுடைய ஒரு மூலம் இன்னும் யாரோ ஒருவரின் ஃபைலுக்குள் இருக்கிறது.

ரெக்கோர்ட் ரூம் ஒரு மாதிரி நல்லபடியாகப் போனது. அங்கிருந்தவர் “நங்கி, மேல் தட்டை நீ தொடாதே, விழும்” என்று ஏணியில் ஏறி அவரே எடுத்துக் கொடுத்தார். விஷயமே அந்த டிக்கெட்டுகளில்தான் இருந்தது. அனுமதித்த நேரம் 11.40, ஊசி போட்ட நேரம் 11.55. பதினைந்தே நிமிடம். பார்த்தால் கைதட்டலாம் போல இருக்கும். ஆனால் அடிபட்டது எப்போது? அதற்குப் படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது, அது காலி. சிலவற்றில் ‘காலை’ என்று மட்டும். மூன்று மணி நேரக் கணக்கு மலையில் தொடங்குகிறது, தாள் ஆஸ்பத்திரி கேட்டில்தான் தொடங்குகிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் வந்தவர்களுக்கு அழைத்த நேரமாவது கேட்டுப் பார்க்கலாம். லொறியில் வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இத்தனை அலைந்து வாங்கிய அனுமதி, இல்லாத ஒரு தகவலுக்கு என்று தெரிந்த அன்று பஸ்ஸில் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வழி காட்டியவர் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். “செக்ரோலப் பாருங்க மகள். மனுசன் எப்ப விழுந்தான்னு ஆஸ்பத்திரிக்குத் தெரியாது, பேர் போடுற கணக்கப்பிள்ளைக்குத் தெரியும்” என்றார். செக்ரோல் என்றால் தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேடு. பேர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. உண்மைதான். வேலையின் நடுவில் அடிபட்டுப் போனவனுக்கு முழுப் பேரா அரைப் பேரா என்று முடிவுசெய்தாக வேண்டுமே. சம்பளத்தில் கைவைக்கிற விஷயம் என்பதால் நேரத்தைக் குறித்தே வைத்திருக்கிறார்கள். அவரிடம் இருந்த டிஸ்பென்சரிக் கொப்பியையும் காட்டினார். நீல மட்டை, ஓரமெல்லாம் டெட்டோல் பட்டு வெளுத்தது. ஒரு வரியில் பென்சிலால்: ‘கவ்வாத்துக் கத்தி, இடது தொடை, 8.20. துணி இறுக்கிக் கட்டி அனுப்பியது 8.50. லொறி இல்லை.’ அந்த ‘லொறி இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்குப் பிறகு ஒன்றும் எழுதியில்லை, நனைந்து காய்ந்த வெறும் தாள்தான். அதே ஆளின் டிக்கெட்டைத்தான் ரெக்கோர்ட் ரூமில் பார்த்திருந்தேன். 11.55க்கு ஊசி. கூட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் அவர் சொன்னார். மழையில் நனைந்தவனை அப்படியே லொறியின் பின்னால் போட்டு அனுப்பாதீர்கள், கம்பளி சுற்றி அனுப்புங்கள் என்று டிரைவர்களிடம் சண்டை போடுவாராம். காரணம் அவருக்குப் படித்துத் தெரிந்ததல்ல, பார்த்துத் தெரிந்தது. உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைய வைக்கிற நொதிகள் மந்தமாகிவிடும். குளிர், ரத்தத்தில் அமிலம் கூடுதல், உறையாமை இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்துவிட்டு, பரீட்சைக்கு அப்புறம் மறந்திருந்தேன். ஏசி அறையில் படித்த குளிருக்கும், தை மாதக் காலையில் நாங்கள் அனுபவிக்கிற குளிருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

செக்ரோல் பார்க்கத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், நிர்வாகத்துக்குக் கொழும்பு அனுமதி வேண்டும். நெறிமுறைக் குழுவுக்கும் திருத்தக் கடிதம் போட்டேன், அது மூன்று வாரத்தில் வந்துவிட்டது. முதலிலேயே ‘ஆஸ்பத்திரி மற்றும் தோட்டப் பதிவேடுகள்’ என்று எழுதியிருந்தால் இந்தத் தண்டம் இல்லை. காயம், விபத்து என்று எந்த ஆய்வு செய்தாலும் விண்ணப்பத்திலேயே இதைச் சேர்த்துவிடுங்கள். ஆட்களின் பெயர் எடுக்க மாட்டேன், இலக்கம் மட்டும்தான் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். துரைமார் முதலில் பயப்படுவது நட்டஈட்டு வழக்குக்குத்தான்.

முதல் தோட்டத்தில் செக்ரோல் கையில் கிடைத்துவிட்டது. போன வியாழக்கிழமை விழுந்த சீல் அதற்குத்தான். இரண்டாவது தோட்டத்துக் கடிதம் இன்னும் வரவில்லை. பெரிய கிளாக்கர் போனில் அன்பாகத்தான் பேசினார், திங்கட்கிழமை காலையில் ஆபிசுக்கே வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சரி என்று வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை போயா, பௌர்ணமி லீவு.